பக்கத்து சீட்டு பிரேக்

கிளட்ச் மாஸ்டருக்கு வலது கால் சும்மா இருக்காது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பல வருடங்களாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் சுவரைப் பார்த்துப் பாயும்போதெல்லாம் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன் சீட்டுக்காரருக்கு உதை நிச்சயம். மனைவி பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் போதும், பால் பொங்குவதற்கு முன்பே மாஸ்டரின் கால் நாற்காலிக்கு அடியில் தரையை அமுக்கும். பால் என்னவோ அதற்கெல்லாம் நிற்பதில்லை.

மனுஷன் நல்லவர்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஓயாமல் "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தியே இந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டவர். தன்னிடம் கற்றுக்கொண்டவர்கள் லைசென்ஸ் தேர்வில் தோற்பதே அபூர்வம் என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. ரகசியம் என்னவென்று கேட்டால் கண்ணைச் சிமிட்டுவார்.

"வண்டி ஓட்டத் தெரியணும்னு யாருங்க சொன்னா? டெஸ்ட் தெரியணும்!"

அது வெறும் வாய்ப்பந்தல் இல்லை. தேர்வு நடக்கும் தெருக்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இன்ஸ்பெக்டர் எந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்வார், எந்தத் திருப்பத்தில் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைப்பார், எல்லாம் அத்துப்படி. அதையும் மீறி யாராவது கோட்டை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுதால், அப்போது மட்டும் மாஸ்டரின் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே வசனம்தான்: "பரவாயில்ல. அழாதீங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம். கண்ணைத் தொடைங்க, வண்டியை எடுங்க." அழுதவர்கள் ஏனோ அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார்கள்.

இந்த வசனங்களை எல்லாம் பின் சீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மகள், மூன்று வயதுக் குட்டிம்மா. அம்மாவுக்குத் தையல் கடையில் காலை வேலை. அதனால் குழந்தைக்கான இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, மாஸ்டர் அவளையும் பாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். குட்டிம்மா ஒரு தொந்தரவும் தர மாட்டாள். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஓடினால் போதும், அவளுக்கு உலகமே வேண்டாம்.

பேசவும் பேசினாள். என்ன, "அம்மா", "தண்ணி", "பசிக்குது" இதெல்லாம் வராது. தூங்கி எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டே, "மெதுவா, மெதுவா, கிளட்சை விடாதீங்க" என்பாள்.

"பேச்சைப் பாருடி! எவ்ளோ தெளிவு!" என்று மாஸ்டர் பூரித்துப்போவார்.

"அவ பேசலைங்க. உங்களைத் திருப்பிச் சொல்றா" என்பாள் மனைவி.

அவள் துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற தையல்காரி. மகளிடமும் சிலது அவள் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் உறை சரசரத்தால் ஓடி வருவாள். காதில் கோளாறு இல்லை, சோதித்தாயிற்று. எதையும் விரலால் சுட்டிக்காட்டி "பாரு" என்று சொன்னதில்லை. கதவு திறக்க வேண்டுமென்றால் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் கைப்பிடி மேல் வைப்பாள். "என் கை என்ன சாவியாடி?" என்று சிரித்துக்கொண்டே திறந்துவிடுவாள் அம்மா. சிரித்து முடித்த பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மாடி வீட்டில் இருக்கும் மாஸ்டரின் அக்காவிடம் இதைச் சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவாள். "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் யாருமே கிடையாது!" என்பாள். இதைச் சொல்கிற அக்கா, வாசலில் யார் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவாள். தன் டம்ளரில் இன்னொருவர் குடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நாம் எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்!

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் சில கேள்விகள் கேட்டாள். பேர் சொன்னா திரும்புவாளா? எதையாவது சுட்டிக் காட்டுவாளா? பொம்மையை வைத்துச் சமையல், கிமையல் என்று பாவனை விளையாட்டு உண்டா? மாஸ்டர் விறைப்பாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றார். அதே மூச்சில் மனைவி எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றாள். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போய்க் காட்டச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. நான் கேட்டது வெறும் சல்லடை. சல்லடையில நின்னதெல்லாம் கல்லு இல்ல. கையில எடுத்துப் பாக்கணும், அவ்வளவுதான்."

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "அந்த மையத்துல சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு இருக்கு. பேச்சு, விளையாட்டு, எல்லாம் சொல்லித் தராங்க. இடம் கொஞ்சம்தான். இவளுக்குத் தேவைன்னு டாக்டர் சொன்னாத்தான் கிடைக்கும். ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டா அதுவும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு. அங்க போய் ஏதாவது குளறுபடி பண்ணீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அவர் காதில் விழுந்ததோ ஒரே ஒரு சங்கதிதான். என் மகளுக்கு டெஸ்ட் வைக்கப் போகிறார்கள். டெஸ்ட்டா? யார்கிட்ட!

மறுநாளே மையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். உள்ளே போய்விட்டு வந்த பெற்றோர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "என்னங்க கேட்டாங்க?" என்று நைசாகப் பிடுங்கினார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். எங்கேயாவது ஒரு முயல் பொம்மை இருக்குமாம், அதைக் காட்டினால் குழந்தை பார்க்கிறதா என்று கவனிப்பார்களாம். சோப்புக் குமிழி ஊதுவார்களாம். பொம்மைக்கு ஊட்டச் சொல்வார்களாம். இன்ஸ்பெக்டரின் ரூட்டே கைக்கு வந்துவிட்ட மாதிரி மாஸ்டருக்குக் குஷி தாங்கவில்லை.

பயிற்சி காருக்குள்ளேயே நடந்தது, மனைவிக்குத் தெரியாமல். பெயரைச் சொல்வார், திரும்பினால் பிஸ்கட். முகத்தைப் பார்க்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் தொழில் புத்தி கைகொடுத்தது. வண்டி எடுப்பதற்கு முன் கற்றுக்கொள்பவர்களிடம் "மிரர் பாருங்க" என்பார், அவர்களும் "மிரர் பாத்தாச்சு மாஸ்டர்" என்பார்கள். அதையே மகளுக்கும் சொன்னார். "மிரர்!" என்றால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பிஸ்கட். டாக்டராக நடிக்க ஆள் வேண்டுமே? அப்போது அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரைப் பிடித்துப் போட்டார். பாவம் அந்த மனிதர், நடுத்தெருவில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் ஹாரன் அலற, கையில் முயலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாஸ்டர், நான் வண்டி ஓட்டணுமா, முயல் ஆட்டணுமா?"

"ரெண்டுந்தான் சார்! டாக்டருக்குப் படிச்சிருக்கீங்க, இது கூடவா வராது?"

குமிழிப் பயிற்சியில் காரின் உட்புறமெல்லாம் சோப்புத் தண்ணீர். பல் டாக்டரின் கால் கிளட்சில் இருந்து வழுக்கி, ஒரு குப்பைத் தொட்டி உயிரை விட்டது. ஆனாலும் குட்டிம்மா தேறிவிட்டாள். கூப்பிட்டால் திரும்பினாள். முயலைக் காட்டினால் முயலைப் பார்த்தாள். பொம்மைக்குக் கரண்டியில் ஊட்டினாள். மாஸ்டர் அவளைத் தூக்கிக் கொஞ்சினார். அன்றைக்குத்தான் அவர் பல நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினார்.

மையத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தவர் வட்டக் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. அறையில் ஆஸ்பத்திரிச் சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தரையில் ஒரு விரிப்பு, ஒரு குட்டை மேஜை, ஒரு பெட்டி நிறையப் பொம்மைகள். டாக்டரம்மா சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மாஸ்டரும் மனைவியும் சுவரோரம் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாஸ்டரின் வலது கால் அப்போதே தயாராக இருந்தது.

"குட்டிம்மா!" என்றார் டாக்டரம்மா.

சட்டென்று திரும்பினாள் மகள். திரும்பிய கையோடு உள்ளங்கையை நீட்டினாள். மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாதவளாயிற்றே! மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா அலமாரிப் பக்கம் விரலை நீட்டினார். "அதோ பாரு!"

குட்டிம்மா அலமாரியில் இருந்த முயலைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவின் மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், அந்த வட்டக் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்து, "மிரர் பாத்தாச்சு மாஸ்டர்" என்றாள்.

டாக்டரம்மாவின் புருவம் லேசாக ஏறியது. அடுத்துப் பொம்மையையும் கரண்டியையும் எடுத்து வைத்தார். குட்டிம்மா கரண்டியைப் பொம்மையின் வாயில் வைத்தாள். வைத்துக்கொண்டே, அப்பாவின் குரலை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி, நிதானமாகச் சொன்னாள்:

"டாக்டர் பாக்கும்போது ஊட்டு. ஊட்டினா பிஸ்கட். அம்மாகிட்டச் சொல்லாத. என்னைப் பாக்காத, முயலைப் பாரு. என்னைப் பாத்தா மாட்டிக்குவோம்."

குட்டிம்மா இன்னும் முடிக்கவில்லை. இப்போது பல் டாக்டரின் குரல்:

"மாஸ்டர், நான் வண்டி ஓட்டணுமா, முயல் ஆட்டணுமா?"

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அதற்கு மேல் முடியாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டே சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. மாஸ்டர் தரையை மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார்.

"சார், கீழ என்ன இருக்கு?" என்றார் டாக்டரம்மா, கண்ணைத் துடைத்தபடி.

"பிரேக் மேடம். இல்ல... பழக்கம்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று வெடித்தாள் மனைவி. "எத்தனை நாள் காத்திருந்து வாங்கின அப்பாயின்ட்மென்ட்! இவளுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதி அனுப்பியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அதுக்குத்தானேடி சொல்லிக் கொடுத்தேன்!" மாஸ்டருக்குக் குரல் உடைந்தது. "ஃபெயில்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் ஊரு அவளை அப்படித்தானே பாக்கும்? ஸ்கூல்ல சேப்பாங்களா? கூட விளையாடுவாங்களா? நான் இருக்கற வரைக்கும் சரி. அப்புறம்? எனக்குப் பயமா இருக்குடி. ராத்திரி தூக்கமே வரல."

அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. சிங்கம் மாதிரி பேசுகிறவர். அவளுடைய கோபம் பாதியில் நின்றது. ஆனாலும் விடவில்லை.

"உங்க கார்ல மட்டும் எதுக்குங்க ரெண்டு பிரேக்?"

"இது என்ன கேள்வி? கத்துக்கறவங்களுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும்ல?"

"அது அவங்களுக்கு அசிங்கமா?"

"அசிங்கம் என்ன அசிங்கம்? இல்லன்னா முதல் திருப்பத்துலயே போய் மோதுவாங்க."

"அந்தப் பக்கத்து சீட்டுல உக்கார நம்ம பிள்ளைக்கு ஒரு ஆள் கிடைக்குமான்னுதான் நான் நாயா அலையறேன். நீங்க அந்த பிரேக்கைக் கழட்டி வீசிட்டு, பொண்ணு தனியாவே ஓட்டுவா, லைசென்ஸ் குடுங்கன்னு நிக்கறீங்க."

மாஸ்டரின் கால் தரையை மிதிப்பதை நிறுத்தியது. அவருடைய வாழ்க்கையில் இது அபூர்வம் என்பதால் மனைவியே கொஞ்சம் பயந்துபோனாள்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சார், இங்க பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. அவ எப்படி இருக்கான்னு பாத்தாத்தான் அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. மறுபடி பாப்போம். பிஸ்கட் பொட்டலம் வெளியவே இருக்கட்டும்."

இரண்டாம் முறை மாஸ்டர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா வேறு பொம்மைகளை எடுத்தார். இதற்கெல்லாம் மாஸ்டரிடம் பாடம் கிடையாது. குட்டிம்மாவைக் கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை குதித்தது. அவள் அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் சுழலும் சின்னச் சக்கரத்தை மட்டும் பார்த்தாள். தவளை நின்றதும், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்துத் தவளை மேல் வைத்தாள். "சொல்லு கண்ணு, முகத்தைப் பாரு கண்ணு" என்று மாஸ்டரின் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முடிந்ததும் டாக்டரம்மா மனைவியிடம் நெடுநேரம் பேசினார். பிறந்ததில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆட்டிசம்தான். வகுப்பில் இடம் உண்டு, அடுத்த வாரமே வரலாம். பெண் பிள்ளைகளிடம் இது சீக்கிரம் கண்ணில் படாமல் போவதுண்டு, நல்லவேளை இவ்வளவு சின்னதிலேயே அம்மா கவனித்துவிட்டாள் என்றார். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துக்கம் பாதி, தான் கண்டது பிரமை இல்லை என்ற நிம்மதி பாதி.

"இதை ரத்தத்துல பாத்து உறுதியாச் சொல்ல முடியாதா மேடம்?" என்றார் மாஸ்டர், கடைசி நப்பாசையோடு.

"முடிஞ்சா நான் எதுக்கு சார் தரையில உக்காந்து தவளை விட்டுக்கிட்டு இருக்கேன்? அதுக்குத்தான் ஆராய்ச்சி நடக்குது. நிறையக் குடும்பங்ககிட்ட எச்சில் வாங்கி மரபணுவைப் பாக்கறாங்க. இஷ்டம் இருந்தா நீங்களும் குடுக்கலாம். உங்களுக்கு உடனே பதில் ஒண்ணும் வராது. பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு உதவும்."

மனைவி சம்மதித்தாள். மாஸ்டரும் ஒரு குழாயை வாங்கிக்கொண்டார். நாளெல்லாம் கத்துகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒரு சொட்டு ஊறவில்லை. குழாயை உதட்டில் வைத்துக்கொண்டு அவர் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவின் போன் வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்கா கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"டேய், உன் பொண்டாட்டி எச்சிலை நல்லாப் பாக்கச் சொல்லு! நம்ம பக்கம் சுத்தம்!"

"யார் பக்கம்னு தீர்ப்புச் சொல்றதுக்கு இல்லங்க இது" என்றார் டாக்டரம்மா போனைப் பார்த்து. மாஸ்டர் போனை அணைத்தார். அக்காவின் போனை அவர் அணைத்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இவர் பேசறதையே திருப்பிச் சொல்றாளே மேடம், அதுக்கு அர்த்தமே இல்லையா?"

"அப்படி நினைக்காதீங்க. சொந்தமா வாக்கியம் கட்ட வரல, அதனால கேட்டதை எடுத்துப் பேசறா. சில பிள்ளைங்க அதைப் பொருத்தமான இடத்துல வைப்பாங்க. கவனிச்சுக் கேளுங்க."

காரில் மனைவி பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாஸ்டர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டார், திருகவில்லை. பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அதன் காலடியில் அவர் மிதித்து மிதித்துத் தேய்ந்துபோன பிரேக். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, நீ இப்படி இருக்காதே, இப்படி இருக்காதே என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியதும் அவரால் தாங்க முடியவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். வளர்ந்த மனுஷன், விசும்பி விசும்பி அழுதார்.

அப்போது பின் சீட்டில் இருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய குரல்தான், அவர் தோற்றுப்போனவர்களுக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கும் பஞ்சுக் குரல். குட்டிம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பரவாயில்ல. அழாதீங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம். கண்ணைத் தொடைங்க, வண்டியை எடுங்க."

மாஸ்டர் நிமிர்ந்தார். மனைவி மூச்சுவிடாமல் மகளைப் பார்த்தாள். மகள் யாரையும் பார்க்கவில்லை.

"சரிங்க மாஸ்டர்" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழை ஒரு பொட்டும் இல்லாத அந்தத் தெருவில், அவளுக்காக வைப்பரைப் போட்டுவிட்டு, வண்டியை எடுத்தார்.